மென்பொருள் யார் வீட்டில் குடியிருக்க வேண்டும்?

போன மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒன்பது வருஷமாக நான் குறிப்பெடுத்து வைத்திருக்கும் ஒரு இணையச் சேவை கடையைச் சாத்துகிறதாம். அறுபது நாள் அவகாசம். அதற்குள் உங்கள் தரவை இறக்கிக்கொள்ளுங்கள், இத்தனை நாள் கூட இருந்ததற்கு நன்றி, வணக்கம். அவ்வளவுதான்.

இறக்கிப் பார்த்தேன். ஆயிரத்துச் சொச்சம் கோப்புகள் ஒரு ஜிப்பில் வந்தன. ஒரு குறிப்பிலிருந்து இன்னொரு குறிப்புக்கு நான் போட்டுவைத்த இணைப்புகள் எல்லாம் அறுந்திருந்தன. படங்களின் பெயர்கள் போய் வெறும் எண்களாகிவிட்டன. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து எடுத்த குறிப்புகள், எங்கள் குடும்பப் பழைய நிலப் பத்திரங்களின் வாசிப்பு, எல்லாமே அதில்தான் இருந்தன. எழுத்து போகவில்லை, அடுக்கு போய்விட்டது. அலமாரியிலிருந்த புத்தகங்களைக் கோணிப்பையில் கொட்டித் தந்த மாதிரி.

பத்திர வாசிப்பில் என் கூட்டாளி பெரியப்பா. தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயசு எழுபத்தெட்டு. போனில் விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது இதுதான்: "அடுத்தவன் வீட்டுல சாமானை வெச்சுட்டு, அவன் வீட்டைக் காலி பண்றான்னு அழுதா எப்படி தம்பி? நம்ம பரண் மேல வெச்சிருந்தா எவன் கேக்கப்போறான்?"

"பரண்ல வெச்சதும் இருக்கு பெரியப்பா. 2003ல வெச்சது. இன்னிக்கு வரைக்கும் திறக்க மாட்டேங்குது" என்றேன்.

அதுவும் உண்மை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். இப்போது என் முன்னால் இருக்கிற கேள்வி, இந்தக் கோணிப்பையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது. இன்னொரு இணையச் சேவையா, சொந்தக் கணினியில் நிறுவுகிற மென்பொருளா? பதில் தேடிப் படிக்க ஆரம்பித்தவன், வழக்கம்போல வரலாற்றில் போய் விழுந்துவிட்டேன். இது கூகுள் காலத்துக் கேள்வி என்று நினைத்திருந்தேன். இல்லை. என் வயசைவிடப் பழசு.

1961 நவம்பர். அமெரிக்காவின் எம்ஐடியில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு ஒரு செயல்விளக்கம் காட்டியது. அதுவரை கணினி என்றால் துளையிட்ட அட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மறுநாள் வந்து காகிதத்தில் விடை வாங்கிப்போவது. அட்டையில் ஒரு கமா தவறினால் இன்னொரு நாள் போச்சு. கோர்பட்டோ குழு செய்தது, ஒரே இயந்திரத்தைப் பலரும் ஒரே சமயத்தில் தட்டச்சு முனையங்களிலிருந்து பயன்படுத்துவது. இயந்திரம் ஒவ்வொருவருக்கும் சில கணம் ஒதுக்கிச் சுற்றிச் சுற்றி வரும். ஒவ்வொருவருக்கும் அது தனக்கே தனக்கு என்று தோன்றும். நேரப் பகிர்வு என்று பெயர். சிடிஎஸ்எஸ் என்ற அந்த அமைப்பு சில வருஷத்தில் ஒரே நேரத்தில் முப்பது பேர் வரை தாங்கியது. அதே 1961-இல் ஜான் மெக்கார்த்தி, தொலைபேசி மாதிரி கணிப்பும் ஒரு பொதுச் சேவையாக வீட்டுக்கு வரலாம் என்று எம்ஐடியின் நூற்றாண்டு விழாவில் பேசினார். இன்று நாம் கிளவுட் என்று சொல்வதன் ஜாதகம் அன்றே எழுதியாகிவிட்டது.

1964-இல் ஜெரோம் சால்ட்ஸர் இதே சிடிஎஸ்எஸ்-இல் ரன்ஆஃப் என்ற நிரலை எழுதினார். பக்கம் பிரித்து, ஓரம் ஒழுங்கு செய்து ஆவணத்தை அச்சிட்டுத் தருவது. 1965-இல் பயனர்கள் ஒருவருக்கொருவர் செய்தி விட்டுப்போகும் மெயில் கட்டளை வந்தது. ஆக ஆவணம் எழுதுவதும் அஞ்சல் அனுப்புவதும் கணினியில் தவழக் கற்றுக்கொண்டது அடுத்தவன் இயந்திரத்தில்தான். கோப்பும் அங்கேதான் இருந்தது. பயனரின் மேசையில் இருந்தது ஒரு தட்டச்சு இயந்திரமும் ஒரு தொலைபேசிக் கம்பியும் மட்டும். இன்றைய பிரவுசரை நினைத்துக்கொள்ளுங்கள், பெரிய வித்தியாசமில்லை.

பகிர்ந்த வீட்டின் தொல்லைகளும் அப்போதே தொடங்கிவிட்டன. ஆலன் ஷெர் என்ற முனைவர் பட்ட மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் ஒதுக்கீடு. ஆராய்ச்சிக்கு அது காணாது. 1962-இல் மனிதர் என்ன செய்தார் தெரியுமா? எல்லாருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பை அச்சடித்துத் தரும்படி துளையட்டையில் ஒரு வேண்டுகோள் போட்டார். அச்சடித்துத் தந்துவிட்டது! பிறகு மற்றவர்கள் கணக்கில் நுழைந்து வேலையை முடித்தார். இருபத்தைந்து வருஷம் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார்.

1966-இல் நடந்தது இதைவிட வேடிக்கை. அந்த அமைப்பின் எழுதிக் கருவி, திருத்தும்போது ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கும். அதன் பெயர் எப்போதும் ஒன்றே. ஒரு நாள் இரண்டு நிர்வாகிகள் ஒரே கோப்புறையில் ஒரே நேரத்தில் வேலை பார்த்திருக்கிறார்கள். ஒருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்துகிறார், மற்றவர் கடவுச்சொல் பட்டியலை. தற்காலிகக் கோப்புகள் இடம் மாறிவிட்டன. அதற்குப் பிறகு உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவிப்பாக ஊர்க் கடவுச்சொல் மொத்தமும் வரிசையாக வந்து விழுந்தது. கோர்பட்டோவே இதை டூரிங் விருது உரையில் சொல்லியிருக்கிறார். பலர் ஒன்றாக உபயோகிக்கும் இயந்திரத்தில் ஒரு சின்னப் பிழை ஒருத்தனை மட்டும் தாக்காது, எல்லாரையும் ஒரே நேரத்தில் தாக்கும். இதைப் பின்னால் மறுபடி பார்ப்போம்.

எழுபதுகளின் பின்பாதியில் காற்று திசை மாறியது. 1975-இல் ஆல்டேர், 1977-இல் ஆப்பிள் 2. ஆனால் கணினியை வாங்க அலுவலக மனிதர்களுக்குக் காரணம் கொடுத்தது 1979-இல் வந்த விசிகால்க். ஹார்வர்டில் வணிக மேலாண்மை படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்ளின் யோசனை, பாப் ஃபிராங்ஸ்டன் நிரல். கட்டம் கட்டமான தாள். ஒரு எண்ணை மாற்றினால் கீழே கூட்டுத்தொகை தானாக மாறும். இன்று எக்செல் தட்டுகிற நமக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். அன்று ஒரு மேலாளர் "விலையை அஞ்சு சதவீதம் ஏத்தினா என்ன ஆகும்?" என்று கேட்க வேண்டுமென்றால் கம்பெனியின் கணினிப் பிரிவுக்கு விண்ணப்பம் எழுதிக் காத்திருக்க வேண்டும். விசிகால்க் விலை ஆரம்பத்தில் சுமார் 100 டாலர்தான். தன் மேசையில், தன் கதவைச் சாத்திக்கொண்டு, யாரையும் கேட்காமல் கணக்குப் போடலாம். டெஸ்க்டாப் மென்பொருள் ஜெயித்தது வேகத்தால் மட்டுமில்லை என்பது என் எண்ணம். கேட்காமல் செய்யலாம் என்ற சுகம் இருக்கிறதே, அதுதான் பெரிய காரணம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த தகவல்: விசிகால்க் நிரலை ஃபிராங்ஸ்டன் எழுதியது ஆப்பிள் கணினியில் இல்லை. எம்ஐடியின் மல்டிக்ஸ் என்ற நேரப் பகிர்வு இயந்திரத்தில், ராத்திரியில். ராத்திரியில் கட்டணம் குறைவு என்பதால். சொந்தக் கணினி யுகத்தைத் தொடங்கிவைத்த மென்பொருள் வாடகை இயந்திரத்தில் பிறந்தது. கையிலிருந்த சின்ன இயந்திரம் நிரல் எழுதுவதற்குப் போதாது, நிரலை ஓட்டுவதற்குத்தான் சரி. இந்த மாதிரி ஒன்றின் தோளில் ஏறி மற்றொன்று வருவது இந்தக் கதையில் திரும்பத் திரும்ப நடக்கிறது.

1981 ஐபிஎம் பிசி, 1983 லோட்டஸ் 1-2-3, பிறகு விண்டோஸ், வேர்டு. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை, தாண்டிப் போகிறேன்.

வலை வந்ததும் மறுபடி ஊசல் ஆடியது. 1995-இல் ஆரக்கிளின் லாரி எலிசன், 500 டாலருக்கு நெட்வொர்க் கம்ப்யூட்டர் வரும், மென்பொருளும் கோப்பும் வலையில் இருக்கும், பிசி செத்தது என்று முழங்கினார். கோரல் கம்பெனி வேர்ட்பெர்ஃபெக்ட் வகையறாக்களை ஜாவாவில் மாற்றி எழுதி பிரவுசரில் ஓட்டப் பார்த்து, 1997-இலேயே கைவிட்டது. தொலைபேசி மோடத்தில் இணையம் கீச்சென்று கத்திக்கொண்டு வந்த காலத்தில் அது நடக்கிற காரியமா?

ஆனால் அதே வருஷங்களில் சத்தமில்லாமல் ஒன்று நடந்தது. சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். தனியாக ஒரு தொழில் தொடங்கத் திட்டம். அதைப் பற்றி அலுவலக மின்னஞ்சலில் எழுதிக்கொண்டால் முதலாளிக்குத் தெரியும். சொந்தக் கணக்குக்குப் போனால் அலுவலகத்தின் ஃபயர்வால் விடாது. பிரவுசர் மட்டும் திறக்கும். அப்படியானால் அஞ்சலையே பிரவுசருக்குள் கொண்டுவந்தால் என்ன? 1996 ஜூலை 4 அன்று ஹாட்மெயில் வந்தது. அமெரிக்கச் சுதந்திர தினம் என்று தேர்ந்தெடுத்த நாள். அடுத்த வருஷக் கடைசியில் மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது.

கவனியுங்கள், விசிகால்க்கும் ஹாட்மெயிலும் எதிரெதிர்த் திசை. ஒன்று கணினியை மேசைக்குக் கொண்டுவந்தது, மற்றது மேசையிலிருந்து எடுத்துப்போனது. ஆனால் இரண்டும் சொன்ன சுகம் ஒன்றுதான்: ஆபீஸ்காரனைக் கேட்க வேண்டாம்.

நம் கதைக்கு வருவோம். தமிழில் தட்டச்சு செய்த வரலாற்றில் இந்த டெஸ்க்டாப்-வலைச் சண்டை வேறு எங்கும் இல்லாத அளவுக்குத் தெளிவாகத் தெரிகிறது. என் தலைமுறை அதற்குள்ளேயே வாழ்ந்தது.

2003 வாக்கில் தமிழில் எழுத வேண்டுமென்றால் கணினியில் ஏதாவது நிறுவியாக வேண்டும். மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், விஸ்வநாதனின் அழகி, தமிழா குழுவிலிருந்து முகுந்த் கொண்டுவந்த இ-கலப்பை. இ-கலப்பை கீமேன் என்ற விசைப்பலகை மென்பொருளின் மேல் ஓடியது. ஆல்ட்டோடு ஒரு எண்ணைத் தட்டினால் தமிழ், மறுபடி தட்டினால் ஆங்கிலம். அம்மா என்று அடிக்க ஆங்கிலத்தில் ஏ-எம்-எம்-ஏ-ஏ. அந்த முதல் 'அ' திரையில் வந்தபோது ஏற்பட்ட சந்தோஷத்தை இன்றைய செல்போன் பிள்ளைகளுக்கு விளக்க முடியாது.

எழுதினால் மட்டும் போதாதே, படிக்கணும். விண்டோஸ் 2000-இல்தான் மைக்ரோசாஃப்ட் லதா எழுத்துருவோடு யூனிகோட் தமிழைச் சேர்த்தது. எக்ஸ்பி வைத்திருந்தவர்கள் கண்ட்ரோல் பேனலுக்குள் போய் காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட் என்ற பெட்டியை டிக் செய்ய வேண்டும். செய்த உடனே எக்ஸ்பி சீடியைப் போடு என்று கேட்கும். சீடி எங்கே இருக்கும்? கணினி விற்ற கடைக்காரரிடம். அவர் எங்கே? போன் எடுக்க மாட்டார்.

இதெல்லாம் சொந்தக் கணினி வைத்திருந்தவர்கள் பாடு. என்னிடம் சொந்தக் கணினி இல்லை. பிரவுசிங் சென்டர்தான். மணிக்கு இருபது ரூபாய், மரத்தடுப்பு, கால் நீட்ட இடமில்லாத நாற்காலி. அங்கே எதையும் நிறுவ முடியாது. நிறுவ விட்டாலும் பல இடங்களில் டீப் ஃப்ரீஸ் என்ற ஒரு மென்பொருள் போட்டு வைத்திருப்பார்கள். கணினியை அணைத்து ஆன் பண்ணினால் நேற்று போட்டதெல்லாம் மாயமாகிப் பழைய நிலைக்கு வந்துவிடும். நேற்று அரை மணி நேரம் செலவழித்து இ-கலப்பை இறக்கினேன், இன்று வந்தால் இல்லை. பத்து ரூபாய் கலப்பைக்கே போனது.

அப்போது கைகொடுத்தது சுரதா யாழ்வாணன் எழுதிய பொங்குதமிழ் மாற்றி. அது ஒரு வலைப்பக்கம், அவ்வளவுதான். மேல் பெட்டியில் ஆங்கில எழுத்தில் அடித்தால் கீழ்ப் பெட்டியில் யூனிகோட் தமிழ் வரும். டிஸ்கி, பாமினி என்று பழைய எழுத்துருக்களில் இருப்பதையும் ஒட்டி மாற்றிக்கொள்ளலாம். நிறுவ வேண்டாம், சீடி வேண்டாம், சென்டர்க்காரர் தயவு வேண்டாம். அந்தக் காலத்து வலைப்பதிவுகளில் எத்தனை பதிவுகள் இந்தப் பெட்டி வழியாக வந்தவை என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. என்னுடைய முதல் முப்பது பதிவுகள் அதில் அடித்தவைதான்.

இங்கே ஒரு விஷயம். அந்த மாற்றி வேலை செய்த விதம் இன்றைய வலைச் செயலிகள் மாதிரி இல்லை. எழுத்தை மாற்றும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் முழுக்கப் பக்கத்துக்குள்ளேயே இருந்தது. ஒரு தடவை பக்கத்தைச் சேமித்துப் பென்டிரைவில் போட்டுக்கொண்டால் இணையம் இல்லாத கணினியிலும் ஓடும். நான் அப்படித்தான் வைத்திருந்தேன். வலையில் வந்து சேர்ந்தது, ஆனால் என் கையில் ஓடியது. நான் அடித்த ஒரு எழுத்துகூட யாருடைய சர்வருக்கும் போகவில்லை.

பிறகு 2007 வாக்கில் கூகுளின் ஒலிபெயர்ப்பு வந்தது. அது வேறு ரகம். சொல்லை அடித்து இடைவெளி விட்டால், சொல் சர்வருக்குப் போய்த் தமிழாகத் திரும்பி வரும். கெட்டிக்காரத்தனம் அதிகம், விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம், தோன்றினபடி அடித்தால் ஊகித்துத் தரும். இணையம் நின்றால் தமிழும் நிற்கும். பல தமிழ்த் தளங்கள் இதைத் தங்கள் பக்கங்களில் சேர்த்துக்கொண்டன. 2011-இல் கூகுள் அந்தச் சேவைக்கான நிரல் இடைமுகத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. மேலே சொன்ன இரண்டும் வலைச் செயலிகள்தான். ஆனால் ஒன்றின் நகல் உங்களிடம் இருக்கலாம், மற்றதன் நகல் உங்களிடம் இருக்கவே முடியாது.

இடைப்பட்ட காலத்தில் நான் ஒரு பழைய கணினி வாங்கி, என்எச்எம் ரைட்டர் போட்டுக்கொண்டு டெஸ்க்டாப் பக்கம் திரும்பிவிட்டேன். ஜிமெயில் 2004 ஏப்ரல் 1 அன்று வந்து ஒரு ஜிபி இடம் தந்தபோது அதை ஏப்ரல் ஃபூல் என்று சிரித்தவர்கள் உண்டு. ஹாட்மெயில் அப்போது கொடுத்தது 2 எம்பி. பக்கத்தைப் புதுப்பிக்காமல் உள்ளே மட்டும் மாற்றுகிற அந்த உத்தியின் அடிப்படைக் கருவியை முதலில் செய்தது யார்? மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் வலைப் பதிப்புக் குழு. 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5-இல் சேர்த்து அனுப்பினார்கள். டெஸ்க்டாப் ராஜாவே தன் கோட்டைக்குப் பின்வாசல் வைத்துக் கொடுத்தார். அந்த வாசல் வழியாக 2005-இல் ரைட்லி என்ற சின்னக் கம்பெனி பிரவுசரில் ஓடும் எழுதிக் கருவியைக் கொண்டுவந்தது. 2006 மார்ச்சில் கூகுள் அதை வாங்கியது. அதுதான் கூகுள் டாக்ஸ்.

சரி, 2003 பரண் கதை. அப்போது நண்பர் ஒருவரின் டிடிபி கடையில் ராத்திரி உட்கார்ந்து, பெரியப்பா வாசிக்க வாசிக்க நாற்பது பத்திரங்களை அடித்து வைத்தேன். கடையிலிருந்தது விலைக்கு வாங்கிய ஒரு எழுத்துரு, அதற்கென்று சொந்தமான குறியேற்றம். கோப்பு இன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, ஒரு பைட் குறையவில்லை. திறந்தால் கொம்பும் கோணலுமாகப் பிரெஞ்சு எழுத்துகள் மாதிரி ஏதோ தெரிகிறது. எழுத்துரு விற்ற கம்பெனி இல்லை. எழுத்துருக் கோப்பும் இல்லை. டிஸ்கியோ பாமினியோ என்றால் மாற்றிகள் இருக்கின்றன. இது எந்தப் பட்டியலிலும் இல்லை.

கடைசியில் அச்சுப் பிரதி ஒன்று பெரியப்பா வீட்டில் கிடைத்ததால், எந்தக் கோணல் எந்த எழுத்து என்று கையாலேயே ஒரு அட்டவணை போட்டேன். அதிலும் சங்கடம். பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் சேமிக்கும்: 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோட் ஒலிக்கிற வரிசையில் சேமிக்கும்: முதலில் க, பிறகு ஒகரக் குறி. எனவே ஒவ்வொரு கொம்பையும் தூக்கி அடுத்த எழுத்துக்குப் பின்னால் போட வேண்டும். அதுகூடச் செய்துவிடலாம். ஔகாரத்துக்கு என் எழுத்துருவில் தனிக் குறி இல்லை, ளகரத்தையே போட்டிருந்தார்கள். ஆக 'கௌரி' என்பதில் இருப்பது ஔகாரமா, கொம்பும் ளகரமுமா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஔகாரமாக்கு என்று விதி போட்டால் 'வெளியீடு' என்பது 'வௌியீடு' ஆகிவிடும். இணையத்தில் இந்த 'வௌி' எத்தனையோ இடத்தில் நீங்களே பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் இப்படி மாற்றிய கோப்புகளின் தழும்பு.

1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். அவர்கள் சேமித்ததும் முதலில் யூனிகோடில் இல்லை, டிஸ்கியில். ஆனால் டிஸ்கி என்பது பலர் கூடி விவாதித்து, எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று வெளியில் எழுதி வைத்த குறியேற்றம். காலம் மாறியதும் நூல்களை யூனிகோடுக்கு மாற்ற முடிந்தது. என் நாற்பது பத்திரம் என் வீட்டுக்குள்ளேயே இருந்தும் அனாதை. பரணில் இருந்தால் போதும் என்று பெரியப்பா நினைப்பது இந்த இடத்தில்தான் இடறுகிறது. பெட்டி நம்முடையது, பூட்டு வேறொருவனுடையது.

வலைப்பக்கத்து நஷ்டங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். 2009 அக்டோபரில் யாஹூ ஜியோசிட்டீசை மூடியது. தமிழின் முதல் தலைமுறை வலைப்பக்கங்கள் பல அதில் இருந்தன. 2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடர். 2017 அக்டோபர் 31 அன்று நடந்தது கோர்பட்டோ கதையின் மறுபதிப்பு: கூகுள் டாக்ஸில் ஏதோ ஒரு நிரல் மாற்றம், திடீரென்று பலருடைய ஆவணங்கள் விதிமீறல் என்று குறிக்கப்பட்டு உரிமையாளர்களுக்கே கதவு சாத்தப்பட்டது. சில மணி நேரத்தில் சரிசெய்து மன்னிப்புக் கேட்டார்கள். ஒரு சின்னப் பிழை, ஆயிரம் வீட்டில் இருட்டு.

டெஸ்க்டாப்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 2013 மே மாதம் அடோபி, இனி மென்பொருளை விற்கப் போவதில்லை, சந்தாதான் என்றது. நிரல் உங்கள் கணினியில்தான் ஓடும். ஓட அனுமதி அவர்களிடமிருந்து வரும். 2019 அக்டோபரில் அமெரிக்க அரசின் தடையாணையைக் காட்டி வெனிசுவேலாவில் எல்லாக் கணக்குகளையும் முடக்கப்போவதாக அறிவித்தார்கள். அந்த ஊர் வடிவமைப்பாளர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். நிரல் வன்தட்டில் இருக்கிறது, கோப்பும் இருக்கிறது, எங்கோ ஒரு அரசியல் சண்டையில் இரண்டும் பயனில்லாமல் போகும். அந்த மாதக் கடைசியிலேயே உரிமம் பெற்று முடிவை மாற்றிக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம். நிறுவும் மென்பொருள் என்றாலே சுதந்திரம் என்ற பழைய கணக்கு அன்றோடு எனக்கு முடிந்துபோனது.

2019-இலேயே மார்ட்டின் கிளெப்மனும் இங்க் அண்ட் ஸ்விட்ச் ஆய்வகத்து நண்பர்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். லோக்கல்-ஃபர்ஸ்ட், அதாவது முதல் நகல் உன் கணினியில், சர்வரில் இருப்பது உதவிக்கு மட்டும். இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தினாலும் பிறகு சேர்த்துக்கொள்ளும் கணித உத்திகள் இப்போது இருக்கின்றன, ஆகவே முடியும் என்பது அவர்கள் வாதம். படிக்க இனிப்பாக இருந்தது. இந்த வகையில் சில குறிப்புக் கருவிகளைப் போட்டுப் பார்த்தேன். எனக்குப் பரவாயில்லை. பெரியப்பாவிடம் போனில் ஒன்றை நிறுவச் சொன்னதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. அவருக்கு லிங்க் அனுப்பினால் திறக்கத் தெரியும். அதற்கு மேல் கேட்கக்கூடாது, கேட்டாலும் செய்ய மாட்டார்.

அறுபது நாளில் இன்னும் இருபத்திரண்டு மிச்சம். நான் செய்திருப்பது இது. குறிப்புகள் எல்லாவற்றையும் வெறும் எழுத்துக் கோப்புகளாக, யூனிகோடில், என் மடிக்கணினியில் வைத்துவிட்டேன். எழுதுவதற்கு எந்தச் செயலி என்பது முக்கியமில்லை, நோட்பேடில்கூடத் திறக்கும். அறுந்த இணைப்புகளைத் தினம் இருபது என்று கையால் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு நகல் வெளி வன்தட்டில். அதைப் பெரியப்பா வீட்டுப் பரணில் நிஜமாகவே வைத்திருக்கிறோம், பிஸ்கட் டப்பாவுக்குள்.

பத்திரப் பட்டியல் மட்டும் வலையில், இருவரும் திருத்தும் விரிதாளில் இருக்கிறது. மாதம் ஒரு தடவை இறக்கி வைத்துக்கொள்வேன். அதை ஏன் வலையில் விட்டேன் என்றால், காரணம் போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. 1920களின் கிரயப் பத்திரம் ஒன்றின் படத்தைப் பார்த்து நான் அடித்துக்கொண்டிருந்தேன். பழைய கையெழுத்தில் ரகரமும் காலும் ஒரே மாதிரி இருக்கும். 'மாவடை மாவடை' என்று படித்து அப்படியே இட்டேன். எழுதினவர் கை தவறி இரண்டு தரம் எழுதிவிட்டார் என்று ஓரத்தில் குறிப்பு வேறு. நான் அடுத்த கட்டத்துக்குப் போவதற்குள் திரையில் இன்னொரு கர்சர் வந்து நின்றது. இரண்டாவது 'மாவடை'யில் காலை அழித்தது, 'ர' போட்டது. மாவடை மரவடை.

போன் அடித்தது. "ஏன் தம்பி, பத்திரத்துல ஒரே வார்த்தையை ரெண்டு தரம் எவன் எழுதுவான்? அந்தக் குறிப்பையும் எடுத்துடு, நாளைக்கு எவனாவது படிச்சா சிரிப்பான்."

எடுத்துவிட்டேன்.